பங்களா அம்மாளின் குரல்

அறுபதை எட்டிப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். சின்னவர்களிடம் இதையெல்லாம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. டிவிப் பெட்டிக்கு மரக்கதவு இருந்தது, கதவுக்குப் பூட்டு இருந்தது, சாவி பெரியம்மாவின் இடுப்பில் இருந்தது என்று சொன்னால், நான் ஏதோ நகைப்பெட்டியைப் பற்றிப் பேசுகிறேன் என்று என் பேரன் நினைத்துக்கொள்கிறான்.

எழுபதுகளின் கடைசியில், வியாழக்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் வந்த அந்தச் சிரிப்பு நிகழ்ச்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் என்று குட்டிக் குட்டியாக நாலைந்து நாடகங்கள் வரும். ஒரு ஒல்லி நடிகர், ஒரு குண்டு நடிகர், ஒரு நடிகை, ஆக மூன்றே பேர். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பின்னால் காற்றில் ஆடும் ஒரு துணி. அவ்வளவுதான் செட்டு. அந்த நிகழ்ச்சிக்கு ஏதோ ஒரு பெயரும் இருந்தது. எங்கள் தெருவில் யாரும் அதைச் சொன்னதில்லை. "வியாழக்கிழமை பாத்தியா?" என்றுதான் கேட்பார்கள்.

நான் அதன் ரசிகை. அன்றைக்கும் ரசிகை, இன்றைக்கும் ரசிகை. போனில் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் எனக்குத் தேவையும் இல்லை. தெருவிலேயே போன் இருக்கிற ஒரே வீட்டில் ஊரே வந்து பேசிக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் டாக்டரைக் கூப்பிட முடியாமல் தவிப்பாரே, அதை வரிக்கு வரி சொல்வேன். போகாத விருந்தாளிக்குக் குறிப்புக் காட்ட குண்டு நடிகர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒல்லி நடிகர் எழுந்துபோய், "நின்னு போச்சா சார்?" என்று கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்வார். அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குச் சிரிப்பு முட்டுகிறது. எல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் வாராவாரம் எழுதி வைத்திருந்தேன். பத்தாவது படிக்கும்போது யாரோ பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.

எல்லோருக்கும் மேலே பங்களா அம்மாள். நடிகை போடும் பணக்கார வேஷத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. முகவாயை உயர்த்தி, மூக்கின் மேல் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, வேலைக்காரி, பால்காரர், பிச்சைக்காரர் எல்லோரைப் பற்றியும் ஏதாவது சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு "பாவம்!" போடுவாள். அந்தப் "பாவம்" ராகம்போல் நீண்டுகொண்டே போகும். எங்கள் தெருவில் அதைச் சொல்லிப் பார்க்காத பிள்ளை இல்லை. ஆனால் அச்சு அசலாகச் சொன்னது நான் ஒருத்திதான். அப்போது எனக்குப் பத்து வயது. அந்தப் பெருமையை இன்னும் விட மனம் வரவில்லை பாருங்கள்.

நாங்கள் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவில் இருந்தோம். அம்மாவும் பெரியம்மாவும் கூடப்பிறந்தவர்கள். ஒரே வீட்டு அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். பாகம் பிரித்தபோது ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவர் ஓடு வரைக்கும் போகவில்லை, மேலே ஒரு முழம் இடைவெளி. அந்தப் பக்கம் தாளிக்கிற வாசனை இந்தப் பக்கம் வரும், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். பெரியப்பா தறியை விட்டுவிட்டுப் பட்டுக்கடையில் சேர்ந்து மேலே வந்துவிட்டார். டிவி வந்தது அவருடைய பாகத்தில்.

அந்த ஏரியலை நிறுத்தியதே ஒரு திருவிழா. மெட்ராஸிலிருந்து படம் அவ்வளவு தூரம் வரவேண்டும் என்பதால் இரண்டு ஆள் உயரத்துக்கு இரும்புக்குழாய். ரேடியோ ரிப்பேர் செய்யும் பாய் ஓட்டின் மேல் ஏறி நின்று குழாயைத் திருகிக்கொண்டே, "சாஃப் தெரியுதாம்மா?" என்று கத்துவார். கீழே முப்பது பேர் ஒரே குரலில் "புள்ளி புள்ளியா தெரியுது பாய்!" என்போம். "அது மழைப்பா, படத்துல மழை பெய்யுது!" என்பார். ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அந்த முப்பது பேரில் என் அம்மா இல்லை. டிவி வருவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே அவளும் பெரியம்மாவும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காரணம் என் தம்பியின் காதுகுத்து. அம்மா தெருவில் வீடு வீடாகக் குங்குமமும் வெற்றிலைபாக்கும் தட்டில் வைத்துக்கொண்டு போய் அழைத்தாள். பக்கத்து வீட்டுக்கு மட்டும் போகவில்லை. சொந்த அக்காவுக்கு என்ன அழைப்பு என்று நினைத்துவிட்டாள். "பெரிம்மாவ காலைலயே வரச் சொல்லு" என்று என்னை அனுப்பினாள். நான் போய்ச் சொன்னேன். பெரியம்மா முகம் மாறிப்போனது.

"ஊருக்கெல்லாம் தட்டு எடுத்துக்கினு போனவ, எனக்கு மட்டும் கொழந்தைய அனுப்புனாளா?" என்றாள்.

காதுகுத்துக்கு அவள் வரவில்லை. "சொந்தம்னு நெனச்சது என் தப்பு" என்று அம்மாவும் நெஞ்சை இறுக்கிக்கொண்டாள். உரிமை எடுத்துக்கொண்டது ஒருத்தியின் தப்பு, மரியாதையை எதிர்பார்த்தது இன்னொருத்தியின் தப்பு. இரண்டும் பாசம்தான் என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு பெரிய மனுஷர்கூட இல்லை. ஆண்கள் இருவரும், "பொம்பளைங்க விஷயம்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

பேச்சு நின்றதே தவிர, காரியம் நிற்க முடியாது. நெசவாளர் தெருவில் அது நடக்காது. விடியற்காலையில், தறியில் ஏற்றப்போகும் நீள இழைகளான பாவு ஒன்றைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அறுந்த இழைகளை முடிந்துகொண்டே வருவார்கள். யார் வீட்டுப் பாவானாலும் எல்லா வீட்டுக் கையும் வந்தாகவேண்டும். அம்மா ஒரு பக்கமும் பெரியம்மா எதிர்ப்பக்கமும் நிற்பார்கள். நடுவில் நீலமோ அரக்கோ ஒரு முழ அகலப் பட்டு இழைகள்.

"ஏன் கண்ணு, அங்க நாலு இழை அறுந்துக்கினு தொங்குதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"பாத்துக்கினுதான் இருக்கேன்னு சொல்லுடி."

"இப்பிடியே பாத்துக்கினே இருந்தா விடிஞ்சிடும்னு சொல்லு."

கைநீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரம். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்வேன். சும்மா சொல்வேனா? அம்மா சொன்னதை ஒல்லி நடிகர் மாதிரி மூக்கால் சொல்வேன், பெரியம்மா சொன்னதைக் குண்டு நடிகர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வேன். தெருவே சிரிக்கும். அவர்கள் இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு இழையைப் பார்ப்பார்கள். அக்கா தங்கை இருவருக்கும் சிரிப்பை அடக்கும்போது வலது கன்னத்தில் ஒரே மாதிரி குழி விழும். நான்தான் இந்தத் தெருவின் நடிகை என்று எனக்குத் தலை கிறுகிறுத்துப் போனது அங்கேதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா சுவரோரம் ராட்டையில் உட்கார்ந்து, மறுநாள் தறிக்கு வேண்டிய பட்டு நூலைக் குச்சிகளில் சுற்றிக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கம் நிகழ்ச்சியின் ஆரம்ப இசை கேட்டதும் ராட்டைச் சத்தம் நின்றுவிடும். அரைமணி நேரம் நூல் ஓடாது. பெரியம்மா வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும். ராட்டை நின்ற உடனே அவள் சுவர்ப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "சத்தம் கொஞ்சம் கூட வைங்க" என்பாள். பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோய்த் திருகுவார்.

வாராவாரம் இதைப் பார்த்தேன். அம்மாவிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. என் கண்ணெல்லாம் பெட்டியில் இருந்தது.

அம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "சத்தத்தப் பாரு. நம்ம வீட்ல இல்லன்னு காட்டறா" என்பாள். நான் அதற்கும் ஒன்றும் சொன்னதில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் ஓடிவந்து, அம்மாவுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவேன். "போதும் போ, சோறு ஆறுது" என்பாள். அப்புறம் அவளே, "தடால்னு ஒரு சத்தம் கேட்டுதே, யாரு வுழுந்தது?" என்பாள். காதால் கேட்டதற்கெல்லாம் நான் உருவம் கொடுப்பேன். குண்டு நடிகர் வெறும் நாற்காலியிலிருந்து விழுந்திருப்பார். நான் அவரை மேசை மேல் ஏற்றி, அங்கிருந்து தள்ளிவிடுவேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். உண்மையைச் சொல்வதானால், அவள் பார்த்த நிகழ்ச்சி இன்னும் நன்றாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, அடுத்த வாரத்தோடு நிகழ்ச்சி முடிகிறது என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் துக்கம் விழுந்ததுபோல் இருந்தது. நான் அழுதே விட்டேன். அழுகிற என்னைப் பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடைசி வியாழக்கிழமை மத்தியானம் என்னைக் கொல்லைப்பக்கக் குழாயடிக்குக் கூப்பிட்டாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"இன்னியோட முடியுதாமே. உங்கம்மாவ வரச் சொல்லு கண்ணு. எத்தினி நாளு செவுத்தாண்ட ஒக்காந்து காதாலயே கேட்டுக்கினு இருப்பா? என் பக்கத்துல பாய் போட்டு வெக்கறேன்னு சொல்லு."

இதைத்தான் சொன்னாள். ஒரு எழுத்துக்கூட நான் மறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கும் மேலாக வீம்பாக இருந்தவள் இறங்கி வந்திருந்தாள். அவளாகவே எங்கள் வாசலுக்கு வந்து கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அழைக்காத வாசலை மிதிக்க மாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். அதனால் எந்தக் குழந்தையை அனுப்பியதால் கோபம் வந்ததோ, அதே குழந்தையைத் திருப்பி அனுப்பினாள்.

நான் ஓடினேன். அம்மா கழுநீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று முகவாயைத் தூக்கினேன். பாவாடை நுனியை மூக்கின் மேல் வைத்துக்கொண்டேன். பங்களா அம்மாளின் கடைசி நாள் அது, நான் அவளுக்கு மரியாதை செய்யவேண்டாமா?

"உங்கம்மாவ வரச் சொல்லேன்! எத்தினி நாளு செவுத்தாண்ட ஒக்காந்து காதாலயே கேட்டுக்கினு இருப்பா? என் பக்கத்துல பாய் போட்டு வெக்கறேன். பாஆஆவம்!"

அந்தக் குரலில் பேசினால் முடிவில் அந்த வார்த்தை தானாக வந்துவிடும். நிறுத்த முடியாது. நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அம்மா சிரிப்பாள் என்று நின்றேன். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "இப்பிடியா சொன்னா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். வார்த்தைகளைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"பாவமா நானு?" என்று நிமிர்ந்தாள். "எங்க வூட்ல கஞ்சி இருக்குது, காது இருக்குது, அதுவே போதும்னு போய்ச் சொல்லு. அவ பாய அவளே மடிச்சி வெச்சுக்கட்டும்."

சாயங்காலம் பெரியம்மா வீட்டில் ஈ நுழைய இடமில்லை. கடைசி வாரம் என்பதால் அடுத்த தெருவிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். தூணோரம் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஒரு கோரைப்பாய் விரித்திருந்தது. அதில் உட்காரப்போன ஒரு பையனை அவள் எழுப்பி விட்டதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து அரைவழி வந்தாள். "வராளா?" என்று உதட்டசைவில் கேட்டாள்.

நாற்பது ஜோடிக் கண்கள் இருந்தன. என் காலத்தில் எனக்கு அவ்வளவு பெரிய கூட்டம் அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒல்லி நடிகர் கடன்காரனை விரட்டும் தோரணையில், மூக்கால் முழக்கினேன்.

"எங்க வூட்ல கஞ்சி இருக்குது! காது இருக்குது! அதுவே போதும்! உங்க பாய நீங்களே மடிச்சி வெச்சுக்குங்க!"

வீடு அதிர்ந்தது. ரேடியோ பாய் கைதட்டினார். பெரியப்பாகூடச் சிரித்துவிட்டார். பெரியம்மாவும் சிரிப்பதுபோல்தான் முகத்தை வைத்துக்கொண்டாள், எல்லோரும் பார்க்கிறார்களே. ஆனால் கன்னத்தில் அந்தக் குழி விழவில்லை. மெதுவாகக் குனிந்து பாயைச் சுருட்டித் தூணில் சாத்தினாள். "சத்தம் அதிகமா இருக்குது, கம்மி பண்ணுங்க" என்று பெரியப்பாவிடம் சொன்னாள்.

ஆரம்ப இசை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டை நிற்கவில்லை. அரைமணி நேரமும் அது சுற்றிக்கொண்டே இருந்தது. குறைத்து வைத்த சத்தத்தில் பாதி வசனம் ராட்டையில் கரைந்துபோனது. அந்தக் கடைசி நிகழ்ச்சியில் என்ன நாடகங்கள் வந்தன என்பது மட்டும் எனக்கு ஞாபகமே இல்லை.

அடுத்த வருடம் பெரியப்பா குடும்பத்தோடு மெட்ராஸுக்குப் போய்விட்டார். லாரியில் டிவியைச் சேலைகளால் சுற்றி ஏற்றினார்கள். அம்மா ஜன்னல் ஓரம் நின்றாள், வெளியே வரவில்லை. அதன்பிறகு கல்யாணங்களில் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி முதல் பந்தியில் உட்கார்ந்தால் இன்னொருத்தி இரண்டாம் பந்தி.

வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தக் கதையை நான் பல வருடம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபீசில் யாருக்காவது பிரிவு உபசாரம் என்றால், "மேடம், அந்தப் பாய் கதை!" என்று கேட்பார்கள். இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவேன். ஒருமுறை புதிதாக வந்த டைப்பிஸ்ட் பெண் மட்டும் சிரிக்காமல், "உங்க பெரியம்மா நிஜமாவே அப்படித்தான் பேசுவாங்களா மேடம்?" என்று கேட்டாள். "சேச்சே, அவங்க ரொம்ப சாது" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுபோனேன். குழாயடியில் தாழ்ந்திருந்த அந்தக் குரலைப் பற்றி அத்தனை வருடத்தில் அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன். காபி ஆறிப்போனது. யாரோ மாலையை எடுத்து வரச் சொன்னார்கள், நான் அசையவில்லை.

பெரியம்மா அப்போது உயிரோடுதான் இருந்தாள். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். அம்மாவோ என்னோடு, காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டு வீட்டில், அடுத்த அறையில் இருந்தாள். இருவரில் ஒருத்தியிடமாவது சொல்லியிருக்கலாம். இன்றைக்கு, நாளைக்கு என்று ஏழெட்டு வருடம் ஓட்டினேன். பயம், வேறென்ன? ஐம்பது வயதில் அம்மாவிடம் திட்டு வாங்கப் பயந்தேன். அதற்குள் பெரியம்மா போய்விட்டாள். அம்மா வந்து, அக்காவின் கால்மாட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். அம்மாவுக்கு எண்பத்தி மூன்று. டிவியில் ஏதோ சிரிப்பு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் படுத்திருந்த அவள் அதைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், நெஜத்த சொல்லு" என்றாள். "அன்னிக்கு அந்தப் 'பாவம்'னு ஒரு வார்த்த. அது எங்கக்கா சொன்னாளா, நீ சேத்துக்கினியா?"

எத்தனை வருடம் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்!

"நான் சேர்த்ததும்மா. பெரிம்மா சொல்லல. அவங்க ஆசையாத்தான் கூப்பிட்டாங்க. நான்தான் கெடுத்துட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் டிவியை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன்.

"அப்ப அவ சொன்னத மட்டும் சொல்லு. அவ சொன்ன மாரியே."

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை எல்லாம் இருந்தது, குரல் இல்லை. பெரியம்மாவின் குரலைத் தேடிப்போனால் அந்த இடத்தில் பங்களா அம்மாள் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடம் நடித்து நடித்து நான்தான் அவளை அங்கே உட்கார வைத்திருந்தேன். ஊரில் இருக்கிற எல்லோர் மாதிரியும் பேசத் தெரிந்த எனக்கு, என் பெரியம்மா மாதிரி ஒரு வரி பேச வரவில்லை. கடைசியில் என் சொந்தக் குரலில், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன்.

"உங்கம்மாவ வரச் சொல்லு கண்ணு. எத்தினி நாளு செவுத்தாண்ட ஒக்காந்து காதாலயே கேட்டுக்கினு இருப்பா? என் பக்கத்துல பாய் போட்டு வெக்கறேன்னு சொல்லு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, கலைந்திருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"வரேன்னு போய்ச் சொல்லுமா" என்றாள்.

பழக்கத்தில் எழுந்துவிட்டேன். வாசல் வரைக்கும் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.